தர்சினிக்காக வாதாடிய சோதி

பாரிசில் ரூ காய் என்ற தமிழ்க் கடைத் தெருவில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது சோதியின் மகள் அழைத்தாள். அவள் இங்கே பிறந்தவள். என்னோடு எப்போதும் பிரெஞ்சில்தான் பேசுவாள். அன்று தமிழில் பேசினாள்.

"அன்ரி, அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா. விடியக் காலமை. நித்திரையிலை."

அவள் தமிழில் பேசத் தொடங்கியபோதே எனக்கு விளங்கிவிட்டது. கடைக்காரத் தம்பி, "என்ன அன்ரி, முத்தலோ?" என்று கேட்டார். காயைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்து, சாறிக் கடைக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். வீதியில் அழும் பழக்கம் எனக்கு இல்லை. வீட்டுக்குப் போய்த்தான் அழுதேன்.

ஜெயசோதியை உங்களில் பலர் எங்கள் கோடைகால வலைப்பந்துப் போட்டியின் நடுவராக அறிவீர்கள். வேறு சிலர் மெரியில், அதாவது நகரசபையில், பிறப்புப் பத்திரம் எடுக்கப் போய், கண்ணாடிக்கு அப்பால் இருந்த அதிகாரியாக அவளைச் சந்தித்திருப்பீர்கள். நான் அவளை அதற்கெல்லாம் முன்பு எதிரணியின் சென்டராக அறிந்தேன். அதனால் 'அவள்' என்றுதான் எழுத வருகிறது. அவளுடைய பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள்.

வலைப்பந்து ஆடாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சென்டர் மைதானத்தின் நடுவில் நிற்பவள். பந்து பெரும்பாலும் அவள் கை வழியாகத்தான் போகும். ஆனால் கூடைக்குள் போடும் உரிமை அவளுக்கு இல்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் கன்னியர் மடப் பள்ளிக்கு நான் சென்டர், பக்கத்து ஊர்ப் பள்ளிக்குச் சோதி சென்டர். என்னிலும் ஒரு வகுப்புக் குறைந்தவள், அரை அடி கட்டை. பந்தை வைத்திருப்பவளிடமிருந்து மூன்று அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். எல்லோரும் ஊர்ந்து ஊர்ந்து கிட்ட வருவார்கள். சோதி வரமாட்டாள். ஒருமுறை மாவட்ட இறுதிப் போட்டியில் அவள் கிட்ட வந்துவிட்டாள் என்று நடுவர் ஊதினார். நடுவர் எங்கள் மடத்துச் சிஸ்டர். "இல்லை சிஸ்டர், அவ தள்ளித்தான் நிண்டவ" என்று நானே சொன்னேன். சிஸ்டர் ஊதினால் ஊதியதுதான். ஆட்டம் முடிந்து கை கொடுத்தபோது சோதி சொன்னாள்: "நீங்கள் கண்டனீங்கள்தானே அக்கா. எனக்கு அது போதும்."

அந்த இறுதிப் போட்டியில் நாங்கள் வென்றோம். அடுத்த ஆண்டும் நாங்களே வென்றோம்.

அதற்குப் பிறகு அவளை நான் பாரிசில்தான் கண்டேன். என் கணவர் அப்போது உயிரோடு இருந்தார். அவரோடு லா சப்பலில் ஒரு சாறிக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் பின்னாலிருந்து கூப்பிட, இரண்டு பைகளோடு ஒரு காலை ஊன்றித் திரும்பினேன். எதிரே ஒரு பெண் நின்று சிரித்தாள். "முகம் மறந்துபோச்சு அக்கா. ஆனால் இப்பிடி ஒற்றைக் காலிலை திரும்புற ஆள் ஒருவர்தான்" என்றாள். என் கணவர், "கலியாணம் கட்டி இவ்வளவு காலம், நான் இதைக் கவனிக்கேல்லை" என்றார். "நீங்கள் அவவுக்கு எதிரா விளையாடேல்லையே" என்றாள் சோதி. அவர் வீடு வரும்வரை சிரித்தார்.

பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து, யாழ்ப்பாணத்துப் பள்ளிகளின் பழைய மாணவிகளுக்காக பாரிசின் புறநகரான லா கூர்னெவில் அந்தக் கோடைப் போட்டியைத் தொடங்கினோம். ஒவ்வோர் ஆண்டும் அந்நாளைய ஆட்டக்காரி ஒருவரைத் தெரிவுசெய்து, அவர் ஆடிய இடத்தைக் குறிக்கும் எழுத்தை, சென்டருக்கு 'C' என்பதுபோல, தைத்த தங்கக்கரை மார்புத் துணியை எல்லோர் முன்னிலையிலும் அணிவிப்பது எங்கள் வழக்கம். தைப்பது நான். தெரிவுசெய்வது மூவர்: நான், சோதி, ரொசலின் மதாம். ரொசலின் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி கற்பித்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துப் பள்ளி எதையும் அறியாதவர் என்பதால்தான் அவரைச் சேர்த்தோம். மூவரும் ஒன்றுபட்டால்தான் துணி.

தகுதிக்குரிய விதியை நான் எழுதினேன். மாவட்ட இறுதிப் போட்டியில் வென்ற அணியில் ஆடியிருக்க வேண்டும். தெளிவான விதி, அழுகைக்கும் செல்வாக்குக்கும் அதில் இடம் இல்லை.

விதி தெளிவாக இருந்தும் ஒவ்வொரு வசந்தத்திலும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போர் நடக்கும். வெறுங்காலோடு மணலில் ஆடியவர்கள் பெரியவர்களா, சப்பாத்துப் போட்டுச் சீமெந்துத் தரையில் ஆடியவர்களா? ஒரே ஓர் ஆண்டு மின்னல்போல் ஆடிவிட்டுக் கலியாணம் கட்டிப் போனவளுக்குத் துணியா, எட்டாம் வகுப்பிலிருந்து சலிக்காமல் ஆடியவளுக்கா? என் காலத்துப் பிள்ளைகளின் சிறப்பை ஒருமுறை நான் சற்று நீளமாக எடுத்துச் சொன்னேன். சோதி தேத்தண்ணியை ஊதிக்கொண்டே கேட்டாள்:

"அப்ப மொத்தம் நாலு பள்ளிக்கூடம்தானே அக்கா பந்தைத் தொட்டது. நாலிலை முதலாவது வாறது அவ்வளவு பெரிய காரியமோ?"

"அந்த நாலிலை உம்மடை பள்ளிக்கூடமும் ஒண்டு" என்றேன்.

"அதாலைதான் சொல்லுறன். எங்களை வெல்லுறது லேசு."

ரொசலின் மதாம் மேசையில் தட்டினார். "அலோர், இப்படிக் கத்தினா கீழ் வீட்டு மதாம் போலீசக் கூப்பிடும். யாருக்குத் துணி, அதச் சொல்லுங்க."

சோதி வாதாடும்போது குரலை உயர்த்தியதே இல்லை. கத்தியது நான்தான் என்று ரொசலின் சொல்வார். அதை நான் ஏற்கவில்லை.

இப்போது தர்சினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தர்சினி பாரிசின் இன்னொரு புறநகரான பொண்டியில் இருக்கிறாள். எங்கள் மடத்துப் பிள்ளை. சண்டைக் காலத்தில் படித்தவள். கூடைக்குள் பந்து போடும் சூட்டராக ஆடியவள். அந்த ஆண்டுகளில் மாவட்டப் போட்டி எதுவும் நடக்கவில்லை. ஆகவே என் விதிப்படி அவளும் அவளோடு ஆடிய பிள்ளைகளும் துணிக்கு வெளியே நின்றார்கள். ஒரு கோடையில், ஆட்டங்கள் முடிந்து புல்லில் இருந்து ரோல்ஸ் சாப்பிடும்போது, ஒரு பெண் அவளைப் பார்த்து, "உங்கடை காலத்திலை என்ன விளையாட்டு? ஓடினது மட்டும்தானே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தர்சினியும் சிரித்தாள். அடுத்த கோடையில் அவள் வரவில்லை.

சோதி அவளைத் தேடிப் போனாள். தர்சினியின் மகள் பொண்டியில் ஹான்ட்போல் ஆடுகிறாள். நீ என்ன வென்றாய் என்று அவள் தாயைக் கேட்டிருக்கிறாள். "ரியேன்" என்று தாய் சொல்லியிருக்கிறாள், ஒன்றும் இல்லை என்று. இதைச் சோதி என் மேசையில் வந்து சொன்னபோது, விதியைத் தளர்த்தச் சொல்லப் போகிறாள் என்று நினைத்து நான் முந்திக்கொண்டேன்.

"பாவம் பார்த்துத் துணி குடுக்கேலாது சோதி."

"நான் எப்ப பாவம் பார்க்கச் சொன்னனான்? பாவம் பார்த்துக் குடுத்தால் அவ முகத்திலை எறிவா. நான் அவவிட்டை ஒண்டுதான் கேட்டனான். என்ன வெண்டனீர் எண்டு கேக்கேல்லை. யாருக்கு எதிரா விளையாடினனீர் எண்டு கேட்டனான்."

மடத்துப் பெருநாளன்று பழைய மாணவிகளுக்கும் படிக்கும் மாணவிகளுக்கும் இடையே ஓர் ஆட்டம் நடப்பது எல்லாக் காலத்துக்கும் பொது. ஊரடங்குக்கு நடுவிலும் அதை நடத்தியிருக்கிறார்கள். நாங்கள் அதை ஆட்டமாகக் கணக்கெடுத்ததே இல்லை. கேக்குக்கும் சர்பத்துக்கும் முன் நடக்கும் ஒரு கலகலப்பு, அவ்வளவுதான். தர்சினி அதில் ஆடியபோது அவளுக்கு எதிரே பழைய மாணவிகள் பக்கம் காவல் நின்றவர் பிலோமினா அக்கா என்றாள் சோதி.

பிலோமினா எங்கள் மடத்தின் மிகச் சிறந்த காவல்காரி. வயதில் எனக்கு இளையவர் என்றாலும் எல்லோருக்கும் அவர் அக்காதான். முதல் தங்கக்கரைத் துணியை அவருக்குத்தான் தைத்தேன். இப்போது ரொறொன்ரோவில் இருக்கிறார். சோதி உடனேயே அவரை அழைத்துத் தொலைபேசியை மேசை நடுவில் வைத்தாள்.

"அந்த மெலிஞ்ச பெட்டையோ? ஐயோ, அதை ஏன் கேக்கிறியள்? நான் கையைத் தூக்க முதல் பந்து வலைக்குள்ளை நிக்கும்."

நான் குறுக்கிட்டேன். "உங்களுக்கு அப்ப வயது போயிருக்கும். பழக்கம் விட்டிருக்கும்."

"ஆருக்கு வயசு போனது? நான் அப்ப வேறை பள்ளிக்கூடத்திலை விளையாட்டு ரீச்சர். ஒவ்வொரு நாளும் பிள்ளையளோடை ஓடினனான். சும்மா கதைக்காதேங்கோ." அழைப்பைத் துண்டித்துவிட்டார். அவர் அப்படித்தான்.

"ஒரே ஓர் ஆட்டத்தை வைச்சு எப்பிடி முடிவெடுக்கிறது?" என்று கேட்டேன். சோதி கோப்பையைத் தட்டில் வைத்தாள்.

"உங்கடை மாவட்ட இறுதியும் ஒரே ஓர் ஆட்டம்தானே அக்கா."

ரொசலின் மதாம் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "வொய்லா!" என்று கையை மேலே தூக்கினார். அவர் வாக்கு விழுந்துவிட்டது. சோதியின் வாக்கும் தெரிந்ததே. என்னுடையது மட்டும் மிச்சம். தர்சினி என் மடத்துப் பிள்ளை. சொந்த மடத்துப் பிள்ளைக்கு வாக்களிக்கும்போது இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். எங்களிடம் தோற்ற பள்ளியின் சென்டர் எங்கள் பிள்ளைக்காக வாதாடுகிறாள், நான் மறுத்துக்கொண்டிருக்கிறேன் என்பதையும் அறிந்துதான் இருந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

வாசலில் மேலங்கியை மாட்டிக்கொண்டு சோதி சொன்னாள்: "நல்லா யோசியுங்கோ. ஆனால் எனக்காக ஓம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. பிறகு அது என்ரை தயவிலை கிடைச்ச துணியாப் போகும்."

அடுத்த கூட்டத்துக்கு முன் அவள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த பிறகு நான் என் பாட்டில் விசாரித்தேன். அந்தப் பெருநாள் ஆட்டத்தில் நின்றவர்களில் ஒருவர் இலண்டனில் இருக்கிறார், ஒருவர் இன்னும் யாழ்ப்பாணத்தில். தர்சினிக்கு வேண்டியவர்களும் அல்லர், சோதியை அறிந்தவர்களும் அல்லர். இருவரும் பிலோமினா சொன்னதையே சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவர், அன்று பிலோமினா கோபத்தில் கேக் தின்னாமல் போனார் என்றும் சொன்னார்.

ஆகவே என் வாக்கை இங்கே எழுதுகிறேன். தங்கக்கரைத் துணி தர்சினிக்கு. இனி விதி இப்படி இருக்கும்: இறுதிப் போட்டியில் வென்றிருக்க வேண்டும், அல்லது துணி பெற்ற ஒருவருக்கு எதிராக ஆடி மேலோங்கியிருக்க வேண்டும். சோதி இறந்துவிட்டாள் என்பதற்காக நான் இந்த வாக்கை அளிக்கவில்லை. அவளுடைய வாதம் சரியானது என்பதற்காக அளிக்கிறேன். அவள் இருந்து இன்னும் இரண்டு கூட்டம் சண்டை பிடித்திருந்தாலும் இதே முடிவுக்குத்தான் வந்திருப்பேன்; கொஞ்சம் கூடுதலாகக் கத்தியிருப்பேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பொண்டிக்குப் போய் நேரில் சொன்னேன். தர்சினி கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"சோதி அக்கா இல்லாமல் போனதாலையோ?"

"இல்லை."

"அப்ப பாவம் பார்த்தோ?"

"பாவம் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. அது உமக்குத் தெரியும்."

"ஓம், அது எல்லாருக்கும் தெரியும்" என்று சிரித்துக்கொண்டு உள்ளே கூப்பிட்டாள். நான் பிலோமினா சொன்னதைச் சொன்னேன். அறையிலிருந்து மகள் வந்து, பிலோமினா யார் என்று பிரெஞ்சில் கேட்டாள். தர்சினி பதில் சொல்லாமல் குசினிக் கதிரைகளைச் சுவரோடு தள்ளினாள். மகளைக் குளிர்பெட்டிக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு கைகளையும் மேலே தூக்கவைத்தாள்.

"கொம்ம சா?" என்றாள் மகள், இப்படியா என்று.

"இன்னும் உயத்து. அவ உன்னைவிட உயரம்."

பிறகு மேசையிலிருந்த ஒரு தோடம்பழத்தை எடுத்து, ஒரு காலில் எழும்பி, மகளின் விரல் நுனிகளுக்கு மேலால் அனுப்பினாள். அது குளிர்பெட்டிக்கு மேலிருந்த கூடைக்குள் விழுந்தது. மகள் கைகளைக் கீழே போட மறந்து அப்படியே நின்றாள்.

சோதியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவளுடைய கேள்வியை. ஒருத்தி என்ன வென்றாள் என்று கேட்டுத்தான் நான் வாழ்நாள் முழுவதும் ஆட்களை அளந்தேன். யாருக்கு எதிராக ஆடினாள் என்று அவள் கேட்கச் சொன்னாள். சோதியின் பள்ளி ஓர் இறுதிப் போட்டியிலும் வென்றதில்லை. அப்படியானால் அவள் எப்படிப்பட்ட ஆட்டக்காரி என்று இனிவரும் பிள்ளைகள் உங்களைக் கேட்பார்கள். எனக்கு எதிராக ஆடினாள் என்று சொல்லுங்கள். பந்து கையில் இருக்க, மூன்று அடி தள்ளி அந்தக் கட்டைப் பெண் நிற்க, எந்தப் பக்கம் எறிவதென்று தெரியாமல் நான் நின்றிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.