நான் பிரித்தேன், அவர் எடுத்தார்

“ஏட்டி, நீ படிச்ச படிப்புக்கு அந்த ஆட்டையும் எழுதிக் குடுத்துட்டு, வெறுங்கைய வீசிக்கிட்டுத்தான் வரப் போற” என்றாள் அம்மா.

விவாகரத்துக்கு நானும் அவரும் சேர்ந்தேதான் மனுப் போட்டிருந்தோம். அடிதடி ஒன்றும் இல்லை. ஒரே வீட்டில் இருந்தால் இருவருக்கும் மூச்சு முட்டியது, அவ்வளவுதான். இருப்பதையெல்லாம் ஒளிக்காமல் எழுதிக்கொண்டு வாருங்கள், அப்புறம் பிரிப்பதைப் பேசலாம் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். நகை என்னுடையது, அதில் பேச்சு எழவில்லை. மீதி இரண்டு. ராஜபாளையம் சாலையில் சேர்ந்து வாங்கிய மனை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் நாங்கள் போட்ட ஜெராக்ஸ் கடை.

எனக்குக் கடைதான் வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பட்டா மாற்ற மனு எழுதத் தெரியாமல் அப்பா யார் யார் பின்னாலோ அலைந்த ஊரில், இன்று மனு எழுத அந்தக் கடையில் என் மேசைக்கு முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு.

மூன்றாவதாக ஒன்று இருந்தது. அது அவருக்குத் தெரியாது. கடை வருமானத்தில் மிச்சம் பிடித்து வெள்ளாடு வாங்கி, பனவடலிசத்திரத்தில் அத்தையிடம் வாரத்துக்கு விட்டிருந்தேன். வளர்ப்பது அத்தை, குட்டிகளில் பாதி அவளுக்கு, பாதி எனக்கு. என் பங்கே சிறு மந்தையாகிவிட்டது.

“சிறுவாட்டுக் காசுல வாங்குனத புருசன்ட்ட யாராச்சும் சொல்லுவாவளா?” என்றாள் அம்மா.

சிறுவாடானாலும் கடைக் காசு, கடை இருவருடையது. எழுதினேன்.

பிரிக்கும் வழியும் ஆட்டிலிருந்தே வந்தது. குட்டிகளை அத்தை இரண்டாகப் பிரிப்பாள். முதலில் எடுப்பது நான். அதனால் கொழுத்ததையெல்லாம் ஒரே பக்கம் ஒதுக்க அவளுக்கு மனம் வராது. ஆட்டுப் பேச்சை எடுக்காமலே அவரிடம், “நான் ரெண்டா பிரிக்கேன், நீங்க மொதல்ல எடுங்க” என்றேன். அவரும் சரி என்றார்.

மனைக்கு விலை கூடுதல். ஆடுகளைக் கடைப் பக்கம் சேர்த்தால்தான் இரண்டும் சமம். சேர்த்துவிட்டேன். சேர்த்த பிறகுதான் உறைத்தது. அவருக்கு ஆடென்றால் கொள்ளை ஆசை. மந்தைக்காகக் கடையையும் சேர்த்து எடுத்துக்கொண்டால்?

வக்கீலம்மா அறையில் நான் எழுதியதைப் படித்த வீட்டுக்காரர் நிமிர்ந்தார்.

“ஆடா? ஏட்டி, இத்தன நாளா எனக்குத் தெரியாம ஆடு வளத்துருக்க. ஒரு நாளாவது கறி ஆக்கிப் போட்டியா?”

வக்கீலம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“கெடா எத்தன கெடக்கு?” என்றார் அவர். சொன்னேன். தாடையைத் தடவினார். “அப்பம் நான் மனைய எடுத்துக்கிடுதேன். ரெண்டு கெடாவ மட்டும் கூடச் சேத்து விடு.”

“அங்கன பாதி, இங்கன பாதி கெடையாது. எடுத்தா ஒரு பக்கம் முழுசா எடுங்க.”

“அப்பம் கடைய எடுக்கட்டுமா?”

“எடுங்க.” குரல் நடுங்காமல் சொல்லிவிட்டேன்.

அவர் தாளை இன்னொரு தடவை படித்தார். “வேண்டாம்த்தா. ஆதார்ல பேரு தப்பு, அப்பன் பேரு தப்புன்னு வாறவங்கிட்ட மல்லுக்கட்ட எனக்கு ஏலாது. மனையவே எழுதுங்க மேடம்.”

படியிறங்கும்போது கேட்டார்: “கோயில் கொடைக்கு வெட்ட ஒரு கெடா வேணுமே, தருவியா?”

“வெலைக்குன்னா தாரேன்.”

“உங்கிட்ட வாயக் குடுக்க முடியுமா” என்று சிரித்தபடி வண்டியை எடுத்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சேர்ந்து வாழ்ந்த நாட்களில் நாங்கள் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா முதலில் கேட்டது, “ஆடு?”

“நம்மட்டதான் இருக்கு.”

வெள்ளிக்கிழமை கடைக் கட்டடத்துக்கார அண்ணாச்சியைப் பார்த்து வாடகை ஒப்பந்தத்தை என் ஒருத்தி பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டேன். கிடாக்களை விற்று, கலர் பிரிண்டருக்கு முன்பணமும் கட்டிவிட்டேன்.