பழைய மூடி தீரும் வரை

அன்று காலை முதலில் என் கண்ணில் பட்டது, மாடியில் படம் வரையும் பிரிவின் ஜன்னல் சாத்தியிருந்ததுதான். எங்கள் கிரைண்டர் கம்பெனியில் அந்த ஜன்னலைத் திறப்பவர் பகவதி அக்கா. நான் ஸ்டோருக்குள் நுழைவதற்குள் போர்மேன் முத்தையா அண்ணாச்சி வந்து, "பகவதியம்மா ராத்திரி தவறிட்டாவ பிள்ள. நெஞ்சுவலியாம்" என்றார்.

அக்கா கிரைண்டர் பாகங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்தவர். தச்சநல்லூரிலிருந்து சைக்கிளில் வருவார். நான் பத்தாம் வகுப்பை முடிக்காமல் ஸ்டோரில் சேர்ந்த காலத்தில், படத்தில் ஏதாவது மாறினால் அந்த ஜன்னலில் நின்று கூவிச் சொல்வார். பழைய சாமான் தீர்ந்ததும் நான் பதிலுக்குக் கூவ வேண்டும். எனக்கோ குரல் எழும்பாது. வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிடுவேன். புதுச் சாமான் வரத் தாமதமாகி, அண்ணாச்சியிடம் ஏச்சு வாங்குவேன்.

பிறகு அக்கா தன் கம்ப்யூட்டரிலிருந்து, உற்பத்திக்கு ஆர்டர் போடும் கீழ்க் கம்ப்யூட்டருக்கு ஒயர் இழுக்க வைத்தார். இரண்டையும் இணைக்கும் புரோகிராமையும் அவரே எழுதினார். மேலே படம் மாறினால் கீழே பாகங்களின் கணக்கு தானே மாறும். முதல் படம் கீழே வந்து சேர்ந்த அன்று எல்லோருக்கும் கருப்பட்டிக் காப்பி வாங்கித் தந்தார். கம்ப்யூட்டருக்கு ஒரு டம்ளர் வைக்கவில்லையா என்று அண்ணாச்சி கேட்டதற்கு, அதற்குச் சூடு ஆகாது என்றார்.

அந்த வாரமே சிக்கல் வந்தது. அக்கா கிரைண்டர் மூடியில் ஸ்குரு போடும் துளையைச் சிறிதாக்கினார். கம்ப்யூட்டர் உடனே சின்ன ஸ்குரு வரவழைத்துவிட்டது. ஸ்டோரிலோ பெரிய துளை போட்ட பழைய மூடிகள் குவிந்து கிடந்தன.

"உங்க மிஷினுக்குக் கண்ணு இல்லியாம்மா?" என்றார் அண்ணாச்சி.

அக்கா இறங்கி வந்து குவியலைப் பார்த்தார். கோபப்படவில்லை. "அதுக்கு இல்லதான் அண்ணாச்சி. இந்தப் பிள்ளைக்கு இருக்குல்லா" என்று என்னைக் காட்டினார்.

அதன்பின், மாறிய படம் கீழே வந்து காத்து நின்றது. பழையது தீர்ந்ததென்று நான் ஒரு பட்டனை அமுக்கினால்தான் உற்பத்திக்குப் போகும். "இனி நீ கூவாண்டாம் பிள்ள. அமுக்குனா போதும்" என்றார்.

எனக்கு ஏச்சு நின்றது. அக்கா ஜன்னலைத் திறந்ததெல்லாம் காற்றுக்கும் எங்களைக் கேலி செய்யவும்தான். மதியம் என்ன குழம்பு என்று கேட்பார். சொதி என்றால் இறங்கி வந்துவிடுவார்.

அவர் கடைசியாக மாற்றியதும் மூடிதான். அதன் தகர விளிம்பு, மாட்டும் பெண்களின் விரலைக் கிழித்தது. விரல்களில் துணி சுற்றியிருப்பதைப் பார்த்துவிட்டு, விளிம்பை உள்ளே மடித்து வரைந்தார். பழைய மூடி தீர அந்தப் படம் காத்திருந்தது.

அக்காவை வழியனுப்பிவிட்டு வேலைக்குத் திரும்பிய அன்று, கடைசிப் பழைய மூடியும் போயிற்று. அண்ணாச்சி தயங்கினார். புது மூடியில் கோளாறு என்றால் கேட்க அக்கா இல்லையே, பழையதையே மறுபடி அடிக்கச் சொல்வோமா என்றார்.

"அக்கா வரைஞ்சதே வரட்டும் அண்ணாச்சி" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சரியென்றார்.

பட்டனை அமுக்கினேன். பிறகு முற்றத்துக்குப் போய், சாத்திய ஜன்னலுக்குக் கீழே நின்று, "பழசு தீந்துட்டு அக்கா" என்று கூவினேன்.