கேபிளை உருவிப் பார்க்காத மெக்கானிக்

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரனுக்கு வாய் நீளம், டெஸ்ட் பண்ணும் கை மட்டும் குட்டை. வேறு யாரையும் சொல்லவில்லை, அம்பத்தூரில் கடை போட்டிருக்கும் என்னைத்தான் சொல்கிறேன். பழைய லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் சக ஜீவன்களே, கேளுங்கள்.

கடையில் மட்டும் ஓடும்

சேக்காட்டிலிருந்து ஜெசிந்தா வந்தார். குழந்தைக்காக வேலையை விட்டு ஆறு வருடம். திங்கட்கிழமை ஆன்லைனில் இன்டர்வியூ. லேப்டாப்போ புது விண்டோஸைத் தாங்காத கிழம். "லினக்ஸ் போட்டுடலாம்மா, பிச்சிக்கினு ஓடும்" என்றேன்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸில் ஏகப்பட்ட வகை உண்டு, டிஸ்ட்ரோ என்போம். அந்த மிஷினின் வைஃபைக்கும் மைக்குக்கும் எது ஒத்துவரும் என்று பார்க்க வேண்டியவன், நான் எதற்கு ரசிகனோ அதைப் போட்டேன். கடையில் எல்லா மிஷினுக்கும் நெட் கேபிளைச் செருகித்தான் வேலை பார்ப்போம். பிரமாதமாக ஓடியது. வைஃபையை யார் பார்த்தது? மறுநாளே வந்து நின்றார்.

"அண்ணா, உங்க கடையில நெட்டு வருது, எங்க ஊட்டுக்குப் போனா வரல. லேப்டாப்போட உங்க கடையையும் தூக்கிக்கினு போவட்டா?"

பாட்டு பாடியது

டிஸ்ட்ரோவை மாற்ற மனம் வரவில்லை, கௌரவப் பிரச்சினை. வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் தேடிப் பிடித்துத் தனியாக ஏற்றினேன். சவுண்டுக்கு வழக்கமான பரீட்சை, ஒரு பாட்டு. கணீரென்று பாடியது. பேசிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் போன். இன்டர்வியூ எடுத்தவர்கள் பேசியது ஜெசிந்தாவுக்குக் கேட்டதாம், இவர் பேசியது அவர்களுக்குக் கேட்கவில்லையாம். ஹெட்போன் மைக்கை என் அருமை டிஸ்ட்ரோ கண்டுகொள்ளவே இல்லை. ஆறு வருடம் கழித்து வந்த வாய்ப்பு, என் வீம்பால் போச்சே! மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் விடவில்லை.

"நோட்டுல பெருசா 'மைக் வேலை செய்யல, போன்ல பேசட்டா'ன்னு எழுதி கேமராவுல காமிச்சேண்ணா. செல்லுலயே பேசி முடிச்சிட்டேன். ரிசல்ட்டு அப்பால சொல்றாங்களாம்."

மூன்று பென்டிரைவ்

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஜெசிந்தா குடும்பம் சர்ச்சுக்குப் போய் வந்த பிறகு, மூன்று பென்டிரைவில் மூன்று டிஸ்ட்ரோவோடு அவர் வீட்டுக்கே போனேன். லேப்டாப்பில் ஏற்றாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். அது தெரியாதவனா நான்? சோம்பேறித்தனம்.

அவர் வீட்டு வைஃபை, அவர் ஹெட்போன். முதல் இரண்டும் மைக்கில் மண்ணைக் கவ்வின. மூன்றாவது, கத்துக்குட்டிகள் சமாச்சாரம் என்று நான் கேலி செய்துவந்த டிஸ்ட்ரோ. "ஹலோ" என்றார். பதிவு செய்து திருப்பிப் போட்டேன், சுத்தமாகக் கேட்டது. வாயை மூடிக்கொண்டு அதையே ஏற்றினேன். பிறகு தயங்கித் தயங்கி, வேலை என்னாச்சு என்று கேட்டேன். கிடைத்துவிட்டதாம். கஸ்டமர் கேர், வீட்டிலிருந்தே.

"எது புட்டுக்கினாலும் கோவப்படாம சமாளிக்கிறீங்கன்னு எடுத்துக்கினாங்கண்ணா. அந்தப் பொறுமை உங்க கடைக்கு வந்து வந்துதான் கத்துக்கினேன்."

எந்த டிஸ்ட்ரோ நல்லது என்று இப்போது யார் கேட்டாலும், என்னைக் கேட்காதீர்கள், உங்கள் மிஷினைக் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன், அதுவும் கேபிளை உருவிவிட்டு.