நிழல் இல்லாத கார்

எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் ஓடிய கார்களுக்கு நிழல் கிடையாது. படத்தை வேகமாக வரைந்துகாட்ட கிராபிக்ஸ் கார்டு என்று தனியாக ஒன்று இல்லாத டப்பா அது. எந்தப் புது கேமைப் போட்டாலும் மூச்சு வாங்கும். “ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க” என்று அக்கா அதைப் பார்த்துச் சொல்வாள். பிறகு இருவரும் செட்டிங்ஸைத் திறந்து ஒவ்வொன்றாகக் கழிப்போம். முதலில் நிழல் போகும். அப்புறம் மரங்கள், மழை, தண்ணீரில் தெரியும் பிம்பம். கடைசியில் மொட்டைச் சாலையில் மொட்டையாக ஒரு கார் மிஞ்சும். அது மட்டும் பறக்கும்.

அப்பாவுக்குத் தேனியில் ஏலக்காய் வியாபாரம். “ரெண்டு பேத்துக்கும் சேத்துத்தான் வாங்கியிருக்கேன், சண்டை போடக் கூடாது” என்று சொல்லித்தான் அதை மேசையில் வைத்தார். சண்டை வராமலிருக்க அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரே கீபோர்டில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே காரை ஓட்டுவது. இடதும் வலதும் அவளுக்கு, ஆக்சிலேட்டரும் பிரேக்கும் எனக்கு. வளைவில் வேகத்தைக் குறைக்காமல் விட்டு நான் வாங்கிய குட்டுகளுக்கு அளவே இல்லை. அந்த மத்தியானங்களைப்போல நான் அதற்குப் பிறகு சந்தோஷமாக இருந்ததில்லை என்று சொன்னால் என் மனைவி கோபித்துக்கொள்வாள். ஆனாலும் அதுதான் உண்மை.

அக்காவைக் கம்பத்துக்குப் பக்கத்தில், திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த வருடம் நான் கல்லூரிக்குப் போக லேப்டாப் தேவைப்பட்டது. பழைய கம்ப்யூட்டரை ஒரு கடையில் தள்ளிவிட்டு லேப்டாப்போடு வந்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் வேறு யாருக்கும் தோன்றவில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சாமானில் என்ன பேச்சு என்பது, யாரும் சொல்லித் தராமலே எங்களுக்கெல்லாம் வந்துவிடுகிற புத்தி.

பொங்கலுக்கு வந்தவள் வெறும் மேசையைப் பார்த்தாள். “அது எனக்கும் வாங்குனதுதானடா” என்றாள். ஒரே ஒரு தடவை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, சாயங்காலத்துக்குள் ஆறியிருக்கும். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வர ஆரம்பித்தாள். கூடை நிறையத் திராட்சை கொண்டுவருவாள். போகும்போது எதுவும் கேட்க மாட்டாள். ஊறுகாய் ஜாடியைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போகிற அக்காக்கள் ஊரெல்லாம் இருக்க, எனக்கு மட்டும் இப்படி மரியாதையான அக்கா வாய்த்ததில் வயிறெரியும். எனக்குப் பழைய அக்கா வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

போன வருடம் ரே ட்ரேசிங் ஓடுகிற பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். கார்டு வந்ததும் பவர் சப்ளை போதவில்லை, அதை மாற்றியதும் பெட்டிக்குள் சூடு தாங்கவில்லை, ஃபேன் இரண்டு கூடுதலாக வந்தன. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு அக்காவும் மாமாவும் வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எல்லா செட்டிங்ஸையும் உச்சத்தில் வைத்துக் காட்டினேன்.

மழை பெய்து ஓய்ந்த சாலை. தேங்கிய தண்ணீரில் கடை விளக்குகள் கலங்கித் தெரிந்தன. காரின் கதவில் எதிரே வந்த லாரி முழுசாகத் தெரிந்தது. அழகுக்குக் குறைவில்லை, கார்தான் நகரவில்லை. வெட்டி வெட்டி இழுத்தது.

“என்னடா, கெணத்து மோட்டார் மாதிரி இரையுது?”

“ரே ட்ரேசிங்க்கா. ஒவ்வொரு வெளிச்சமும் எங்கன பட்டு எங்கன திரும்புதுன்னு கணக்குப் போடுது. அதான் லோடு.”

“வெளிச்சம் போற வழி தெரிய இம்புட்டு கரண்டா? ஒம் பொண்டாட்டி ஒண்ணும் சொல்றதில்லையா?” என்றவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். “அந்த ரேயி கீயி எல்லாத்தையும் எடு. நிழலையும் எடு.”

ஆசை ஆசையாக வாங்கியதை ஒவ்வொன்றாக அணைத்தேன். கார் ஓட ஆரம்பித்தது. அவள் விரல்கள் தாமாக இடது, வலது பட்டன்களுக்குப் போயின. முதல் வளைவிலேயே சுவரில் மோதினோம். “பிரேக்கு ஒன்னதுடா, தூங்குறியா?” என்று மண்டையில் குட்டினாள். முப்பது வயதுக்கு மேல் குட்டு வாங்கி இப்படிச் சிரித்தவன் நானாகத்தான் இருப்பேன்.

அந்தத் தைரியத்தில் சொன்னேன். “அன்னைக்கு அதை வித்தது தப்புதான்க்கா.”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வித்ததுல ஒண்ணுமில்லடா. ஒரு போனைப் போட்டுக் கேட்டிருந்தா, வித்துருன்னுதான் சொல்லிருப்பேன்.”

கொஞ்ச நேரத்தில், “பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு மாமா கூப்புடுறாக” என்று எழுந்துவிட்டாள். போகும்போது வழக்கம்போல எதுவும் கேட்கவில்லை.

இந்த வருடம் வந்த கேம்கள் அந்தக் கார்டையும் திணறடித்தன. மதுரையில் ஒரு கடையில் பழையதை எடுத்துக்கொண்டு புதியது தருவதாகச் சொன்னார்கள். கிளம்புவதற்கு முன்னால் அக்காவுக்கு போன் போட்டேன். தோட்டத்தில் இருந்தாள்.

“அக்கா, கார்டை மாத்தலாம்னு இருக்கேன். பழசைக் குடுத்துரவா?”

“இதைப் போயி எதுக்குடா எங்கிட்டக் கேக்குற?”

“கேக்கணும்ல.”

போனில் தோட்டத்து மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் கேட்டதே தப்போ என்று பயந்துபோனேன்.

“குடுக்காத. எனக்கு வேணும்” என்றாள். “அதுக்குத் தோதா ஒரு கம்ப்யூட்டரும் பூட்டி இங்கன கொண்டா. ஓட்டை ஒடைசலை எந் தலையில கட்டிராத.”

“சரிக்கா” என்றேன். கட்டிக்கொடுத்த பிறகு அக்கா எங்கள் வீட்டில் கேட்ட முதல் பொருள் அது.