பக்கத்து மில்லின் சூடு

ஊரார் வேண்டாமென்று கொட்டுகிற தண்ணீரில் கையை விட்டு, "அடடா, நல்ல சூடு!" என்று சந்தோஷப்படுகிற தொழில் என்னுடையது. லாட்ஜோ, கல்யாண மண்டபமோ, மில்லோ, எங்கெல்லாம் வெந்நீர் சாக்கடைக்குப் போகிறதோ அங்கெல்லாம் போய் நிற்பேன். அந்தத் தண்ணீரின் சூட்டை மட்டும் ஒரு மிஷின் வைத்துப் பிரித்து, சூடு வேண்டிய கட்டடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். சூடு வேண்டாத அறையிலிருந்து அதை உருவியெடுத்துக் குளிர்ச்சியாக்கியும் தருவேன்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் யாரும் கேட்காத ஒரு பொருளை நல்லதென்று சொல்லி விற்கப் போய், "வூட்ல யாரும் இல்லீங்க" என்று வீட்டுக்காரரே வந்து சொல்லக் கேட்டவர்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். இன்சூரன்ஸ்காரர்களே, வாட்டர் ஃபில்டர்காரர்களே, நீங்களெல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள். வாருங்கள், கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன்.

எச்சில் சூடு

விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். முதலாளி நல்ல மனிதர். உட்காரச் சொல்லி டீயும் வரவழைத்தார். குளித்த தண்ணீரே திரும்பக் குழாயில் வரும் என்று அவர் பயந்துவிடக் கூடாதே என்று, ஒரு வட்டாவில் பச்சைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி டீ டம்ளரை அதில் இறக்கி வைத்தேன். "பாருங்க சார், டீ ஆறுது. வட்டாத் தண்ணி சூடாவுது. டீயும் தண்ணியும் கலந்துச்சா? இல்லல்ல? அதே மாதிரிதான். குளிச்ச தண்ணியோட சூடு மட்டும் புதுத் தண்ணிக்கு மாறும்" என்றேன்.

அவர் வட்டாவில் விரலை விட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார். இன்னொரு முறையும் விட்டுப் பார்த்தார். ஆஹா, ஆர்டர் வந்துவிட்டது என்று நான் பையிலிருந்து டேப்பை எடுத்தேன், குளியலறைக் குழாய்களை அளக்க. அப்போதுதான் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு சந்தேகம் கேட்டார்.

"எல்லாம் புரியுதுங்க. ஆனா மூணாம் நம்பர் ரூமுல குளிச்ச ஆளோட சூடு நாலாம் நம்பருக்குப் போச்சுன்னா, அது எச்ச சூடு இல்லீங்களா?"

கஞ்சிக்கு ஆள் இருக்கிறது

எச்சில் பார்க்காத ஒரு கல்யாண மண்டபம் கிடைத்தது. சமையல்கட்டிலிருந்து சாக்கடைக்குப் போகும் சூட்டைப் பிடித்து, மேலே அறைகளில் விடியற்காலைக் குளியலுக்கு வெந்நீர் தருவதாக ஏற்பாடு. எத்தனை படி அரிசி வடிப்பார்கள், எவ்வளவு கஞ்சி ஓடும் என்றெல்லாம் சமையல்காரரிடம் கேட்டுக் கேட்டுக் கணக்குப் போட்டேன். முதல் முகூர்த்தத்தன்று மேனேஜரும் நானும் மிஷினுக்கு முன்னால் போட்டோ பிடிக்க நிற்பதுபோல் நின்றோம். மிஷின் ஓடியது. சூடு மட்டும் வரவில்லை.

சமையல்கட்டின் பின்வாசலுக்கு ஓடினேன். அங்கே வரிசையாகக் கேன்கள். பக்கத்துத் தெருவில் மாடு வைத்துப் பால் ஊற்றும் செங்கேணியக்கா, வடித்த கஞ்சியை ஒரு சொட்டு சிந்தாமல் கேனில் பிடித்துக்கொண்டிருந்தார். மண்டபம் கட்டிய நாளிலிருந்து அந்தக் கஞ்சி சாக்கடையின் முகத்தையே பார்த்ததில்லையாம். "அக்கா, கஞ்சி முழுக்க உங்களுக்குத்தான். என் பைப்புல ஒரு தடவ ஓடிட்டு வரட்டும், ஆறித்தான் வரும், மாட்டுக்கும் அதான நல்லது" என்று கெஞ்சினேன். மண்டபத்துக்குத் தயிர் வருவது அக்கா வீட்டிலிருந்து என்பதால் மேனேஜர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை வீட்டாருக்கு அடுப்பில் அண்டா ஏற்றி வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சூட்ட எல்லாம் நீ உறிஞ்சிக்கிட்டு வெறுங்கஞ்சிய குடுத்தா, எம்மாடு எதப் பாத்து பால எறக்கும்?"

அகல் விளக்கும் அடைமழையும்

அதற்குப் பிறகு எனக்கு ஊரில் 'பச்சத்தண்ணி மிஷின்காரம்மா' என்று பெயர் வந்துவிட்டது. ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் கண்டக்டர்கூடச் சிரித்துக்கொண்டே டிக்கெட் கொடுத்தார். அந்தச் சமயத்தில் என்னைக் கூப்பிட்டு அனுப்பிய ஒரே ஜீவன் தமிழரசி. சொந்தமாக ஒரு செராமிக் யூனிட் வைத்து, நான்கைந்து பெண்களோடு அகல் விளக்கு செய்கிறவர். அவருடைய கஷ்டம் வருஷா வருஷம் வருகிற கஷ்டம். விளக்கு விற்பது கார்த்திகையில். அதற்குச் செய்ய வேண்டியது ஐப்பசியில். ஐப்பசியிலோ அடைமழை. ஈரம் போகாத விளக்கைச் சூளையில் வைத்தால் பட்டாசு மாதிரி வெடிக்கும். போன வருஷம் பாதிக்கு மேல் வெடித்துவிட்டது. இந்த வருஷமும் இப்படியானால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாக வியாபாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஓர் அரிசி மில். புழுங்கலரிசிக்காக நெல்லைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, வடித்த தண்ணீரை ஆவி பறக்கப் பறக்கக் கால்வாயில் விட்டுக்கொண்டிருந்தார்கள். கையை வைத்தேன். வெடுக்கென்று எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. இதைப் பிடித்துத் தமிழரசியின் விளக்கு காயும் அறையைச் சூடாக்கினால் மழை என்ன செய்யும்? என்னை நம்பி வேலையைக் கொடுத்தார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"வூட்டுக்காரரு வேணாம்னுதான் சொன்னாரு. வெளக்கு வெடிச்சா அவரு என்னியத் திட்ட மாட்டாரு, சிரிப்பாரு. அதான் எனக்குத் தாங்காது."

நாறின தண்ணீர்

நெல் ஊறின தண்ணீரின் வாசனையை அறியாதவர்கள் பாக்கியசாலிகள். புளித்த மாவும் ஈரச் சாக்கும் சேர்ந்து ஒரு வாரம் மூடிக்கிடந்தால் எப்படியிருக்கும், அப்படி. அந்த நாற்றத்துக்காகத் தமிழரசி மதிலருகே நின்று மில் முதலாளி உலகநாதனோடு போட்ட சண்டை தெருவுக்கே தெரியும். கடைசிச் சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சே கிடையாது. இப்போது அதே தண்ணீரை அவரிடமே கேட்க வேண்டும். யார் போவது? மிஷின்காரிதான் போக வேண்டும்.

போனேன். நான் சொன்னதையெல்லாம் உலகநாதன் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டினார். இப்படி ஒரு நாள் வரும் என்று அவர் வருஷக்கணக்காகக் காத்திருந்தது முகத்திலேயே தெரிந்தது.

"இத்தினி வருஷமா நாறுன தண்ணி, இன்னிக்கு மட்டும் எப்பிடிம்மா மணக்குது?"

தாராள மனசு

மறுபடியும் போனேன். தண்ணீரைத் தரலாமாம், சூட்டைத் தர முடியாதாம். "தண்ணி போறது போவட்டும். சூடு நான் உமிய எரிச்சு உண்டாக்குனது. அது என்னோடது" என்றார். இத்தனை வருஷமாக அந்தச் சூடு கால்வாயில் தவளைகளை விரட்டிக்கொண்டிருந்தபோது அது யாருடையது என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

அவருடைய ஆபீஸ் ரூம் பாய்லரை ஒட்டி இருந்தது. வெளியே காற்று ஜிலுஜிலுவென்று அடித்துக்கொண்டிருந்தது, உள்ளே அவர் பனியனெல்லாம் வேர்வை. ஃபேன் சூட்டைச் சுற்றிச் சுற்றி அவர் மேலேயே போட்டுக்கொண்டிருந்தது. "சார், இந்த ரூமுல நிக்கிற சூட்டையும் பைப்பு போட்டு உறிஞ்சி அந்தப் பக்கம் அனுப்பிடலாம். உங்களுக்கு இங்க ஜில்லுனு ஆயிடும்" என்றேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். யோசித்தார். பிறகு ஏதோ தானம் கொடுக்கிறவர் மாதிரி கையை விரித்தார்.

"சரி, தண்ணியில இருக்கறதையும் எடுத்துக்க, ரூமுல இருக்கறதையும் எடுத்துக்க. இதுக்கெல்லாம் கணக்குப் பாக்குற ஆளு நான் இல்ல."

மழையில் மில் ஓடுமா?

குழாய் பதித்தாயிற்று. மில் பக்கம் ஆபீஸ் குளிர்ந்தது, இந்தப் பக்கம் விளக்கு அறை கதகதவென்று ஆனது. அப்போது வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது என்பதை நானும் கவனிக்கவில்லை, யாரும் கவனிக்கவில்லை. பிறகு அடைமழை பிடித்துக்கொண்டது. தமிழரசியின் ஆட்கள் ஈர விளக்குகளை ரேக்கில் அடுக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். அறை சில்லென்று இருந்தது. மிஷினைத் தட்டினேன், வால்வைத் திருகினேன், குழாயில் காது வைத்துக் கேட்டேன். மழையில் நனைந்துகொண்டு கால்வாயைப் போய்ப் பார்த்தால், அதில் மழைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை.

மில்லில் ஆட்கள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சேத்தியாத்தோப்புப் பக்கமிருந்து வந்த குறுவை நெல் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. யாரும் ஊறப்போடவில்லை. ஏன் போடவில்லை என்று கேட்ட பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அவித்த நெல்லைக் களத்தில் கொட்டி வெயிலில் காய வைக்க வேண்டும். மழையில் அவித்தால் நெல் காயாமல் புளித்துப் போகும், இல்லை பூசணம் பூக்கும். அதாவது, எப்போதெல்லாம் மழை பெய்து தமிழரசிக்குச் சூடு வேண்டுமோ, அப்போதெல்லாம் மில்லில் சூடு இருக்காது. நான் குழாயை அளந்தேன், தண்ணீரை அளந்தேன், இதை மட்டும் யோசிக்கவேயில்லை. சூளை பற்றவைக்க நாள் குறித்தாயிற்று. வியாபாரியின் லாரி வருகிற நாளும் குறித்தாயிற்று. உலகநாதன் இந்த முறை கிண்டல் செய்யவில்லை. அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

"நீ சொல்றன்னு இப்பவே அவிச்சிடுறேம்மா. அவிச்ச நெல்ல எங்க காய வைக்கிறது, எந்தலையிலயா?"

மூக்கு

திரும்பி வந்து தமிழரசியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ரேக்குகளைப் பார்த்தார். ரேக்குக்கு அடியில் குனிந்து தரையைப் பார்த்தார். "சுடுதண்ணி வந்தா இந்த ரூமு எந்நேரமும் கதகதன்னு இருக்கும்ல?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

என்னை அனுப்பவில்லை. தானே மதிலுக்குப் போய் நின்று, "அண்ணே!" என்று கூப்பிட்டார். அந்தப் பக்கம் உலகநாதன் தலையில் கவிழ்த்திருந்த சாக்குக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "நெல்ல அவிச்சு எங்க ரூமுல கொண்டாந்து கொட்டுங்கண்ணே. ரேக்குக்கு அடியில தர சும்மாத்தான் கெடக்குது. மேல வெளக்கு காயட்டும், கீழ நெல்லு காயட்டும்" என்றார். உலகநாதன் சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு மதிலருகே வந்தார். அவர் அடுத்துச் சொன்னது பழைய சண்டைக்குப் பதிலடியா, நிஜமான அக்கறையா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. "உள்ளயே நாறுமே தங்கச்சி" என்றார்.

"நாறட்டும்ண்ணே. வெளக்குக்கு மூக்கா இருக்குது?"

மதிலோரக் குரல்

அன்றே பாய்லர் புகைந்தது. ஊறல் தண்ணீர் குழாயில் ஓடியது, அறை சூடானது. நெல்லின் ஈரம் விளக்குக்கு ஏறிவிடாமல் இருக்கச் சுவரில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன்களைக் கூடுதலாக மாட்டினேன். பெண்கள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு காலால் நெல்லைக் கிளறிவிட்டார்கள். நாற்றத்தைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள், வீட்டில் குளித்த பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள். ஊரில் மற்ற சின்ன மில்லெல்லாம் சும்மா கிடக்க, உலகநாதனுக்குக் கொஞ்சமாவது நெல் காய்ந்து அரவைக்குப் போனது.

சூளை பிரித்த அன்று தமிழரசி கிட்டேயே வரவில்லை, தூரத்தில் களிமண் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். முதல் விளக்கை நான்தான் எடுத்தேன். சுண்டிப் பார்த்தேன். கணீரென்றது. அடுத்ததும் கணீரென்றது. ஒரு தட்டு முழுக்க எடுத்து அவர் மடியில் கொண்டுபோய் வைத்தேன். வெடித்தவை இல்லாமல் இல்லை, ஆனால் ஒரு கூடைக்குள் அடங்கிவிட்டன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை, எழுந்து அடுத்த சூளைக்கான ரேக்கைப் பார்க்கப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒரு நாள் காலையில் மிஷினைப் பார்க்கப் போயிருந்தேன். தமிழரசி மதிலோரம் நின்று, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி என்னவோ தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் புரியவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் குதிகாலை உயர்த்திக்கொண்டு அந்தப் பக்கம் குரல் கொடுத்தார்.

"அண்ணே, காலையிலேருந்து நாத்தத்தையே காணோமே, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

மொத்தத்தில், தண்ணீரிலிருந்து சூட்டைப் பிரித்து எடுப்பது சுலபமான வேலைதான். அந்தச் சூடு யாருடையது என்று பேசி முடிப்பதற்குள் தண்ணீர் ஆறிவிடுகிறது, அவ்வளவுதான்.