கொடுமுடிக்குக் கரும்புத் தோட்டம் பார்க்கப் போன கதை

கொடுமுடிக்குப் போகிறவர்கள் கோயிலுக்கும் காவிரிக்கும் போவார்கள். நான் போனது ஒரு கரும்புத் தோட்டத்தைப் பார்க்க. தொண்ணூற்றேழாம் வருடம், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கோவையில் ஒரு நூல் கம்பெனி ஆபீசில் நானும் மகேஸ்வரியும் பக்கத்துப் பக்கத்து மேசை. அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன பழனிசாமியை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வாயால் சொல்லவில்லை, ஆனால் அந்த வாரம் அவள் அடித்த பில் எல்லாமே தப்பு.

சிக்கல் என்னவென்றால், மாப்பிள்ளை உரமும் போடமாட்டார், மருந்தும் அடிக்கமாட்டார் என்று யாரோ அவள் அப்பா காதில் போட்டுவிட்டார்கள். அவரும் விவசாயி. "தோட்டத்தைப் பாத்துப்போட்டுத்தான் மேக்கொண்டு பேச்சு" என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போது பெண்ணைக் கூட்டிப்போகும் வழக்கம் இல்லை. அதனால் என்னை அனுப்பினாள். "தோட்டத்த விடுடி, எங்கப்பா மொகத்தப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள்.

காந்திபுரத்தில் காலை ஆறு மணிக்கு பஸ். மகேசின் ஊரான கருமத்தம்பட்டிக்கு நாலரை ரூபாய், முக்கால் மணி நேரம். அங்கிருந்து மகேஸ் வீட்டார் பிடித்த வேன். அவிநாசி, திருப்பூர், காங்கேயம் வழியாகக் கொடுமுடிக்குச் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். டீசல் போக வாடகை ஐநூறு. டிரைவர் ரங்கசாமி அண்ணன் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

வேனில் மகேசின் அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டு எனக்கு எரிச்சலாக வந்தது. "மூட்டை உரத்துக்குக் கவர்மெண்டு மானியம் தருது. சாணிக்கு யாருங் தாராங்க?" என்றார் அப்பா. "சொசைட்டில பயிர்க்கடன் கேட்டா பாதிய உர மூட்டையாத்தான் எடுத்துக்கச் சொல்றாங்க. மூட்டை வேண்டாம்னா கடனும் இல்லை. இந்தப் பையன் எதை நம்பி வெள்ளாமை பண்றான்னு தெரியல" என்றார் பெரியப்பா. சர்க்கரை ஆலையிலும் எல்லாக் கரும்புக்கும் ஒரே விலைதானாம். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் காங்கேயத்தில் டீ குடிக்க இறங்குவதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து மாப்பிள்ளையைக் கழித்துக்கட்டிவிட்டார்கள். மகேசிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்ததில் எனக்கு டீயே இறங்கவில்லை.

கொடுமுடிக்கு ஆறு கிலோமீட்டர் முன்னாலேயே மேட்டுப்பக்கம் திரும்ப வேண்டும். பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். ரங்கசாமி அண்ணன் புண்ணியத்தில் பத்துக்கே போய் நின்றோம். வீட்டு வாசலில் யாரும் இல்லை. பின்னால் தோட்டத்தில் சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தால், வெளுத்த லுங்கியும் பனியனுமாக மாப்பிள்ளை பழனிசாமி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார். எதிரே அவருடைய சித்தப்பா, கையில் எரிகிற பந்தத்தோடு. தோட்டத்தில் கரும்பு வெட்டி முடிந்து கட்டை துளிர்விட்டிருந்தது. வெட்டும்போது உரித்த காய்ந்த தோகையெல்லாம், சோகை என்பார்கள், முழங்கால் உயரத்துக்கு அப்படியே கிடந்தது. எல்லோரும் அதைக் கொளுத்திவிடுவார்கள். கொளுத்தினால்தான் தோட்டம் பார்க்கச் சுத்தமாக இருக்கும், சுத்தமாக வைத்திருப்பவன்தான் நல்ல பண்ணாடி, அதாவது நல்ல தோட்டக்காரன், என்பது ஊர்க் கணக்கு.

"பொண்ணூட்டுக்காரங்க வர்ற நேரத்துல குப்பமேடாட்டம் கெடக்குது. ஒரு நெருப்பு, சுத்தமாயிரும். தள்ளு கண்ணு" என்றார் சித்தப்பா. பாவம், அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்.

"அஞ்சு வருசமாச் சேத்துன மண்ணுங்க சித்தப்பா. கல்யாணம் நின்னாலும் நிக்கட்டுங்க. நெருப்பு வேண்டாங்க."

நான் திரும்பினால், என் பின்னாலேயே மகேசின் அப்பா நிற்கிறார். எல்லாம் கேட்டாயிற்று. மாப்பிள்ளையும் அவரைப் பார்த்துவிட்டார். விரித்த கையை மட்டும் இறக்கவில்லை.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுச் சோகைக்குள் இறங்கினார். குனிந்து, சோகையை விலக்கி, மண்ணுக்குள் கையை விட்டார். சித்திரை வெயிலில் அந்த மண் கறுப்பாக, ஈரமாக, உதிரி உதிரியாக வந்தது. அதில் இரண்டு மண்புழு.

"தண்ணி உட்டு எத்தனை நாளாச்சுங்க?"

"பத்து நாளாச்சுங்க மாமா."

வரப்புக்கு அந்தப்பக்கம் சித்தப்பாவின் தோட்டம். கூட்டிப் பெருக்கின வாசல் போலச் சுத்தம். அதுவும் கரும்புதான், ஒரே கிணறுதான். அப்பா அங்கேயும் இறங்கினார். மண் வெடித்து, விரலை விடும் அளவுக்குப் பிளந்திருந்தது. "இதுக்குங்க?" என்று சித்தப்பாவைக் கேட்டார்.

சித்தப்பா பந்தத்தைக் கீழே போட்டு மிதித்து அணைத்தார். "நாலு நாளுங்க" என்றார்.

அப்புறம் வரப்பிலேயே விசாரணை நடந்தது. மகசூல் குறையலீங்களா என்று அப்பா கேட்டார். பழனிசாமி மறைக்கவில்லை. "மொத மூணு வருசம் நல்லா விழுந்துச்சுங்க. இப்பத்தான் பழைய அளவுக்கு வந்திருக்குதுங்க. கடன் இல்லாம, அம்மா நகையிலயும் ரெண்டு மாட்டுலயும் தாக்குப்பிடிச்சேன். மானியமெல்லாம் பெருசா வேண்டாங்க. அந்த மூணு வருசத்துக்குக் கைகுடுக்க ஒரு திட்டம் போட்டாங்கன்னா, இந்த ஊருல பத்துப் பேரு மாறீருவாங்க. பயந்துட்டுத்தான் நிக்கறாங்க."

அப்பா கையிலிருந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கருமத்தம்பட்டியில் அவருடைய போர்வெல்லை மூன்று தடவை ஆழமாக்கியும் வாழைக்குத் தண்ணீர் பற்றவில்லை என்பது எனக்குத் தெரியும். சம்பந்தம் பிடிக்காவிட்டால் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிடமாட்டார்கள். அவரோ வீட்டுக்குள் போய், முதல் ஆளாக இலை முன்னால் உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்கு அப்போதுதான் தான் லுங்கியில் இருப்பதே ஞாபகம் வந்து, சட்டை மாற்ற ஓடினார். நான் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

நீங்கள் அந்தப் பக்கம் போவதாக இருந்தால் சித்திரையில் மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள், வெயில் கொல்லும். காங்கேயத்திலிருந்து கொடுமுடிக்கு பஸ் உண்டு, நேரத்தை விசாரித்துக்கொண்டு ஏறுங்கள். தோட்டத்துக்குள் கேட்காமல் இறங்காதீர்கள், இறங்கினால் செருப்பைக் கழற்றிவிடுங்கள். இன்று இயற்கை விவசாயத்துக்குத் திட்டம், சான்றிதழ் என்று பலதும் வந்துவிட்டன. எதைப் பார்த்தாலும் பழனிசாமி சொன்ன அந்த முதல் மூன்று வருடத்துக்கு இதில் என்ன இருக்கிறது என்றுதான் நான் தேடுகிறேன். நீங்களும் தேடுங்கள்.

திரும்பி வந்து சேர மாலை ஐந்தரை. மகேஸ் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள், முகமெல்லாம் வெளிறி. நான் வேனை விட்டு இறங்கி வாயைத் திறப்பதற்குள் அவள் அப்பா குதித்து இறங்கி, மகளைத் தாண்டி, வாழைத் தோட்டத்துப் பக்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஆட்கள் அங்கே காய்ந்த வாழைச் சருகையெல்லாம் குவித்து வைத்திருந்தார்கள்.

"ஏனுங், நெருப்பு வெச்சுப்போடாதீங்க. அப்படியே மரத்துக்கு அடியில பரப்பி உடுங்க."

மகேஸ் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதுவிட்டாள்.