விமரிசகர் ப்ரூயிட்டின் தாடி

எங்கள் ஊர் வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் சினிமா விமரிசனம் எழுதிய ஆல்டன் ப்ரூயிட் எந்தப் படத்தையும் பார்த்துவிட்டு எழுதியதில்லை. பத்திரிகை மத்தியானமே அச்சாகிவிடும். படப்பெட்டி சாயங்கால ரயிலில்தான் வரும். மனிதர் வேறு என்ன செய்வார்? படக் கம்பெனி அனுப்பும் புகழ்ச்சித் தாளை வைத்துக்கொண்டு, கண்ணால் கண்டதுபோல் அளந்துவிடுவார்.

கலிபோர்னியாவுக்குப் போன என் அக்கா மகள் வெர்னா நடித்த படம் வந்தது. வேலைக்காரி வேடம், விஷம் குடித்துச் சாகும் ஒரே ஒரு காட்சி. 'நம் ஊர்ப் பெண்ணின் கண்ணீரில் அரங்கமே நனைந்தது' என்று ப்ரூயிட் எழுதினார். வெர்னாவின் அப்பா, என் அத்தான் எம்மெட், அதை வெட்டித் தன் சவரக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

படத்தில் வெர்னா இல்லை. தற்கொலையைக் காட்டக்கூடாதென்று தணிக்கைக்காரர்கள் அந்தத் துண்டையே வெட்டிவிட்டதாகத் தியேட்டர்காரர் என்னிடம் சொன்னார். அத்தானிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்வரிசையிலிருந்த ப்ரூயிட் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு நழுவினார்.

மறுநாள் வழக்கம்போல் சவரத்துக்குப் போனார். அத்தான் அவர் கன்னத்தில் நுரை தடவிக்கொண்டே, மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனதால் மகளைத் தவறவிட்டேன் என்று தன்னையே நொந்துகொண்டாராம்.

"நீங்கதான் பாத்தீங்களே, ஐயா. சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் சம்சாரத்துக்கும் சொல்லுங்க. படுக்கையில கெடக்கறவ."

உண்மையைச் சொல்ல ப்ரூயிட்டுக்கு வாய் வரவில்லை. வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வெர்னா அழுததையும் சரிந்ததையும் சொன்னார். அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காபி எடுத்துவர உள்ளே போனார். எனக்கு அந்த ஆளைப் பிடித்து வெளியே தள்ளலாம் போலிருந்தது. பார்த்துக்கொண்டு சும்மா நின்றதற்கு எனக்கே வெட்கமாகவும் இருந்தது.

அக்கா ஹெஸ்டர் மெதுவாகக் கேட்டாள். "எந்தக் கையால விஷத்தை எடுத்தா?"

"வலது கையாலதான்மா."

வெர்னாவுக்குக் கரண்டி பிடிப்பதிலிருந்து எல்லாமே இடது கைதான். பள்ளிக்கூடத்தில் அடித்தும் மாறவில்லை. அக்கா அவரையே பார்த்தாள். ப்ரூயிட்டுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. வெட்கத்தில் அந்த மனிதர் குறுகிப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

உள்ளே கோப்பைச் சத்தம் நெருங்கி வந்தது.

"அவர் வர்றார். மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள் அக்கா. "இந்தத் தடவை இடது கைன்னு சொல்லுங்க."

சொன்னார். அதன் பிறகு அவர் அத்தானின் கடைப்பக்கம் வரவேயில்லை. தாடி வளர்த்துக்கொண்டார்.